படத்தில் இல்லாத முகங்கள்

பிறர் குறையை எடுத்துக்காட்டிப் பாடம் புகட்டுவது எளிது. இம்முறை அடியேன் சொல்ல வந்திருப்பது என்னுடைய குறையை. ஆகவே வாசக அன்பர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

குருத்துவக் கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பில் பயின்ற நண்பர் ஒருவர், இந்துமாக்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவில் மறைப்பணி ஆற்றி வருகிறார். நான் குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, "பத்து நாள் வந்து தங்கிப் போ" என்று அன்போடு அழைத்தார். மேதகு ஆயரின் அனுமதி பெற்றுச் சென்று வந்தேன். புறப்படும் நாளில் என் அண்ணன் மகன் தன் கைப்பேசியை என் கையில் கொடுத்து, "சித்தப்பா, இதிலே எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்றான். அவன் சொல்லை நான் தட்டவில்லை. பத்து நாளில் 843 படங்கள் எடுத்துவிட்டேன்!

நாங்கள் இளங்குருக்களாயிருந்த காலத்தில் ஒரு படச்சுருளில் 36 படங்களுக்குமேல் எடுக்க இயலாது. அதைக் கழுவி அச்சிடவும் பணம் வேண்டும். ஆகையால் பொத்தானை அழுத்துமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்போம். அந்த எண்ணிப் பார்த்தல்தான் இப்போது போயிற்று; அதோடு வேறு சிலவும் போயின என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஊர் திரும்பிய இரண்டாம் ஞாயிறன்று மாலை, பங்கு மன்றத்தில் வெண்திரை கட்டிப் படங்களைக் காட்ட ஏற்பாடாயிற்று. மறைக்கல்வி மாணவர் முன்வரிசையிலும், மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் பின்வரிசைகளிலும் அமர்ந்தனர். நீலக்கடல் வந்தது, அதன் முன் நான். வெண்மணற்கரை வந்தது, அதன்மேல் நான். சாமரேல் என்னும் ஊரில் எரிமலைப் பாறை சிதைந்து உண்டான எழுவண்ண மண்மேடு வந்தது; அருகே தொப்பியணிந்து நான். பாம்பிள்மூஸ் தாவரத் தோட்டத்தில், குழந்தையையே படுக்க வைக்கலாம் போன்ற பெருந்தாமரை இலைகள் வந்தன. அவற்றையும் பாதி மறைத்துக் கொண்டு நான்!

ஒருமணி நேரம் கடந்தபோது, வின்சென்ட் தே பவுல் சபைத் தலைவர் கண்மூடித் தியானத்தில் ஆழ்ந்துவிட்டார். சிறுவர் பாதிப்பேர் வெளியே ஓடிவிட்டனர். எனினும் நான் நிறுத்தவில்லை. கடைசிப் படமும் ஓடி முடிந்தபின், "ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றேன். சுவரோரத்தில் அமர்ந்திருந்த, எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் மெல்ல எழுந்தார்.

"சாமி, தப்பா நினைச்சுக்காதீங்க. கடலைப் பார்த்தோம், மலையைப் பார்த்தோம், உங்களையும் பார்த்தோம். அந்த ஊர்ச் சனங்களைக் காணோமே! அங்கே மனுசங்க இல்லையா?"

மன்றத்தில் சிரிப்பொலி எழுந்தது. நானும் சிரித்தேன். ஆனால் பாட்டி சிரிக்கவில்லை.

பாட்டி தேடிய முகம்

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து, "நேற்று நீங்கள் கேட்டதற்குக் காரணம் ஏதேனும் உண்டா, பாட்டி?" என்று வினவினேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக் கொண்டு சொன்ன செய்தி என்னைத் தலைகுனிய வைத்தது.

"எங்க தாத்தாவோட சித்தப்பா ஒருத்தரு, பஞ்சகாலத்திலே மோரீசுக்குக் கப்பலேறிப் போனாராம், சாமி. அஞ்சு வருசத்திலே வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனவரு வரவேயில்லை. அவரோட அம்மா சாகிற வரைக்கும் வாசத்திண்ணையிலேதான் படுத்துக்குமாம். எங்க தாத்தா இதைச் சொல்லிச் சொல்லி அழுவாரு. அவரு முகம் எப்படியிருக்கும்னு எங்க வீட்டிலே ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க அந்த ஊருக்குப் போயிட்டு வந்து படம் காட்டுறீங்கன்னு சொன்னாங்க. அந்த மண்ணிலே இருக்கிற நம்ம சனங்க முகத்தையாவது பார்த்துட்டு வரலாம்னுதான் நேத்து வந்தேன்."

843 படங்களைச் சுமந்து வந்தேன். அந்த அம்மையார் காணவந்த ஒரு படம் அவற்றுள் இல்லை! அன்றிரவு அறைக்கதவைச் சாத்திக் கொண்டு, எடுத்த படங்களை மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். என் உருவத்தை நீக்கிவிட்டு, அதன் பின்னால் இருந்தது என்ன என்று பார்த்தேன். அப்போது கண்டதும், நண்பரிடம் கடிதம் எழுதிக் கேட்டறிந்ததும், நூல்களில் படித்ததும் ஆகியவற்றையே இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

நீருக்குள் ஒரு நீர்வீழ்ச்சி

முதலில் தீவின் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். மொரீஷியஸ், ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தீவு. பரப்பளவில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. தீவைச் சுற்றிலும் பெரும்பகுதி பவளப் பாறை அரண்போல் வளைந்து நிற்கிறது. மாக்கடலின் பேரலைகள் அப்பாறையில் மோதி உடைந்து விடுகின்றன; உட்புறத்தில் ஆழமற்ற நீர் குளம்போல் அமைதியாய்க் கிடக்கிறது. அடியில் வெண்ணிறப் பவள மணல் இருப்பதால் அந்நீர் மயிற்கழுத்து நிறம் காட்டுகிறது. படமெடுப்போரை மயக்குவது இந்நிறமே.

அங்கே கடையொன்றில் வாங்கிய வண்ணப் படம் ஒன்றையும் நான் மன்றத்தில் காட்டியிருந்தேன். வானிலிருந்து எடுத்தது அது. தீவின் தென்மேற்கு முனையில், கடலுக்கு அடியில் ஒரு பெரிய நீர்வீழ்ச்சி பாதாளத்தை நோக்கிக் கொட்டுவது போல் தோன்றும். "இதுவே கடலடி நீர்வீழ்ச்சி" என்று பெருமிதத்தோடு அறிவித்தேன். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "சாமி, தண்ணீருக்குள்ளே தண்ணீர் எப்படி விழும்?" என்று கேட்டான். "இறைவனின் படைப்பு வியப்புக்குரியது" என்று கூறி அடுத்த படத்திற்குச் சென்றுவிட்டேன். விடை தெரியாத ஆசிரியர் அனைவரும் கையாளும் வழி அது!

சிறுவன் கேட்டதே சரி. அங்கே நீர் எதுவும் விழவில்லை. கரையோர ஆழமற்ற மேடை முடிந்து கடற்பள்ளம் தொடங்கும் இடத்தில், மணலும் வண்டலும் நீரோட்டத்தால் இழுக்கப்பட்டுச் சரிவில் இறங்குகின்றன. வெண்மணலும் கருநீல ஆழமும் அடுத்தடுத்து வரும்போது, மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு அது அருவிபோல் தோன்றுகிறது. கரையில் நிற்பவர்க்கு அவ்வருவி தெரிவதில்லை. படம் பொய் சொல்லவில்லை; ஆனால் ஓர் இடத்திலிருந்து மட்டும் பார்த்துச் சொல்கிறது. வேறோரிடத்தில் நின்று பார்த்தால் காட்சி மாறிவிடும். இதை அச்சிறுவன் எனக்குக் கற்பித்தான்.

மலையின் மறுபக்கம்

அந்த அருவித் தோற்றத்திற்கு அருகே நிமிர்ந்து நிற்பது லெ மோர்ன் என்னும் பாறைமலை. 556 மீட்டர் உயரம். அதன் அடிவாரக் கடற்கரை உல்லாசப் பயணிகளுக்குப் பெயர்பெற்றது. என் தொகுப்பில் அம்மலையின் முன் நான் இளநீர் பருகும் படங்கள் பதினேழு இருந்தன.

அம்மலையின் வரலாறு இளநீர்போல் இனிப்பதன்று. டச்சுக்காரர் 1598-ஆம் ஆண்டில் இத்தீவில் இறங்கி, தம் இளவரசர் மொரீஸ் பெயரை இதற்கு இட்டனர். பின்னர்ப் பிரெஞ்சுக்காரரும், 1810 முதல் ஆங்கிலேயரும் இதனை ஆண்டனர். கரும்பு விளைவிக்க மடகாஸ்கர், மொசாம்பிக் முதலிய நாடுகளிலிருந்து மக்களை அடிமைகளாகக் கொணர்ந்தனர். கொடுமை தாங்காது தப்பியோடியவர்கள் ஏறுதற்கரிய லெ மோர்ன் மலையின் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தனர். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அச்செய்தியைத் தெரிவிக்க மலைமேல் ஏறிவந்த காவலரைக் கண்ட அவர்கள், தம்மைப் பிடித்துச் செல்லவே வருகின்றனர் என்று எண்ணி உச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்று தீவு மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். விடுதலையைச் சாவென்று எண்ணி அஞ்சிய அவலம்! 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மலையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

விடுதலை பெற்றோர் ஏறக்குறைய 66,000 பேர். அடிமைகளை இழந்ததற்காக உரிமையாளருக்கு அரசு இருபது இலட்சம் பவுனுக்குமேல் ஈடு கொடுத்தது. அடிமையாயிருந்தவர்க்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த ஏழை மக்களைத் தேடி 1841-இல் வந்து இறங்கியவர், மருத்துவராயிருந்து குருவான பிரெஞ்சு நாட்டு அருள்தந்தை ஜாக் லவால். அவர்கள் பேசிய கிரியோல் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்து, 1864-இல் மறைந்தார். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். செந்த் குரோவாவில் உள்ள அவர் கல்லறைக்கு இன்றும் எல்லாச் சமயத்தாரும் செப்டம்பர் 9-ஆம் நாள் திரண்டு வருகின்றனர். அங்கும் நான் எடுத்தது என் படத்தைத்தான்.

கட்டாயப்படுத்தி எடுத்த படங்கள்

அடிமைமுறை ஒழியும் தறுவாயில் கரும்புத் தோட்டத்திற்கு ஆள் வேண்டியிருந்தது. தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியாவின்மேல் விழுந்தது. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்னும் கப்பல் 36 தொழிலாளரோடு போர்ட் லூயி துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் 1920 வரை, கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களின் வழியே ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவில் இறங்கினர். தமிழர் அதற்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞராய்ச் சென்றிருந்தனர்; இப்போதோ சென்னை மாகாணத்தின் வறண்ட சிற்றூர்களிலிருந்து கூலிகளாய்ச் சென்றனர்.

அவர்கள் இறங்கிய துறை இன்று 'ஆப்பிரவாசி காட்' எனப்படுகிறது. 'வந்தேறியோர் துறை' என்று பொருள் கொள்ளலாம். பழைய கட்டடங்களில் சிறுபகுதியே எஞ்சியுள்ளது. கருங்கற் படிகள் சில கடலை நோக்கி நிற்கின்றன. 2006-இல் இதுவும் உலக மரபுச் சின்னமாயிற்று. கப்பலிலிருந்து இறங்கியோர் அப்படிகளில் ஏறி, கொட்டகையில் தங்கி, தமக்கென ஓர் எண் பெற்றுத் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். ஒரு நாள் வேலைக்கு வராவிடின் இரண்டு நாட்கூலி பிடிக்கப்படும் 'இரட்டை வெட்டு' என்னும் கொடிய வழக்கம் தோட்டங்களில் நிலவியது.

அங்கே நான் எடுத்த படங்கள் இரண்டு. "மதிய உணவுக்கு நேரமாயிற்று" என்று நண்பரை அவசரப்படுத்தியது நன்றாக நினைவிருக்கிறது. பாட்டியின் மூதாதை ஏறிய படி அதுவாகவே இருந்திருக்க வேண்டும்!

இனி நான் சொல்லப்போவதை இல்லத்தார் அனைவரும் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன். 1867-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, முதல் ஒப்பந்தம் முடிந்து அத்தீவிலேயே தங்கிவிட்ட இந்தியர் ஒவ்வொருவரும், தம் நிழற்படம் ஒட்டிய அடையாளச் சீட்டை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டின்றி வெளியே செல்வோரைக் காவலர் 'நாடோடி' என்று பிடித்துச் சிறையிலிடுவர். வயலில் வேலை செய்யும்போது வியர்வையில் நனைந்து போனாலும், தொலைந்து போனாலும், பணம் கட்டித்தான் வேறு சீட்டுப் பெறவேண்டும்.

நம் மக்களுக்கு அத்தீவில் எடுக்கப்பட்ட முதற்படங்கள் இவ்வகையினவே. எவரும் மகிழ்ந்து எடுத்துக்கொண்டவை அல்ல, சிரிப்பவர் எவருமில்லை. நேரே நோக்கும் இரு கண்கள், கையில் அல்லது மார்பில் ஓர் எண். அவர்கள் அப்படத்தை ஊருக்கு அனுப்பவில்லை, தாய்க்குக் காட்டவில்லை. அது அவர்களுக்கு நினைவுப் பொருளன்று, விலங்கு.

இக்கொடுமையைக் கண்டு கொதித்தெழுந்தவர் அடால்ப் தெ பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியத் தோட்டக்காரர். அவர் 1871-இல் இந்தியத் தொழிலாளரின் குறைகளைத் திரட்டி, 9,401 பேரிடம் கையொப்பமும் கைந்நாட்டும் பெற்று ஆளுநரிடம் அளித்தார். முதலாளிகள் அவர்மேல் சீறினர். அவர் தாக்கவும் பட்டார். ஆயினும் அம்மனுவின் பயனாக 1872-இல் அரச விசாரணைக் குழு தீவுக்கு வந்தது. அதன் அறிக்கை 1875-இல் வெளியாயிற்று.

ஆனால் காலத்தின் விந்தையைப் பாருங்கள். அடக்கி வைக்க எடுத்த அதே படங்களும் பதிவேடுகளும், மோகா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்பட்டு வந்துள்ளன. இன்று அத்தீவின் குடும்பங்கள் தம் கொள்ளுப்பாட்டனாரின் முகத்தை முதன்முறையாகக் காண்பது அவற்றில்தான். யாருக்காகவோ எடுத்த படம், எவரும் எண்ணாத வகையில், பேரப்பிள்ளைகளின் சொத்தாயிற்று.

படமே இல்லாத பறவை

என் தொகுப்பில் இன்னொரு படம், மரத்தால் செய்த 'டோடோ' பறவை பொம்மையை நான் ஏந்தி நிற்பது. அத்தீவின் அரசுச் சின்னத்திலும் கடைவீதியிலும் காணப்படும் அப்பறவைக்கு ஒரு நிழற்படமும் கிடையாது. பறக்கத் தெரியாத, மனிதனைக் கண்டு அஞ்சத் தெரியாத பறவை அது. மாலுமிகள் அதனைக் கொன்றனர். அவர்களோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் அதன் முட்டைகளை அழித்தன. 1662-க்குப்பின் அதனை உயிரோடு கண்டதாக உறுதியான சான்று இல்லை. நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-இல். எஞ்சியவை சில ஓவியங்களும் எலும்புகளுமே.

அதே தீவில் 1974-இல் நான்கே நான்காக அருகியிருந்த வல்லூறு இனம் ஒன்று, அறிஞர் சிலரின் விடாமுயற்சியால் மீண்டும் நூற்றுக்கணக்கில் பெருகியது. இருக்கும்போதே பார்த்துப் பேணியவர்கள் காப்பாற்றினார்கள். போனபின் பொம்மை செய்வது எளிது.

உதவி கொணர்ந்த படங்கள்

படம் பகிர்தலே தீது என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். 2020 ஜூலை 25 அன்று 'வகாஷியோ' என்னும் பெருங்கப்பல் தீவின் தென்கிழக்குப் பவளப்பாறையில் மோதி நின்றது. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அதிலிருந்து ஏறத்தாழ 1,000 டன் எரிநெய் கடலில் கசிந்தது. மயிற்கழுத்து நிறம் கொண்ட நீர் கரிய குழம்பாய் மாறிய படங்களைத் தீவு மக்கள் கைப்பேசிகளில் எடுத்துப் பரப்பினர். அவற்றைக் கண்டோர் ஆயிரக்கணக்கில் கரைக்கு ஓடிவந்தனர். துணிப்பைகளில் கரும்புச் சோகையைத் திணித்து நீண்ட மிதவைகளாகத் தைத்து, எண்ணெய் பரவாதபடி தடுக்க முயன்றனர். முன்னோரை வாட்டிய கரும்பு, அவர் வழித்தோன்றல்களின் கையில் கடலைக் காக்கும் கருவியாயிற்று!

அவர்கள் காட்டியது தம்மையன்று. தம் கடலுக்கு நேர்ந்த துன்பத்தை. கண்டவர்களும் கண்டதோடு நில்லாது எழுந்து சென்றனர். இதுவே பகிர்தல்.

இரண்டாம் முறை

இவற்றையெல்லாம் என் நண்பருக்கு எழுதி, பாட்டியின் செய்தியையும் தெரிவித்தேன். "சிற்றப்பாவின் பெயரும் ஊரும் மட்டுமே தெரியும், பதிவேட்டில் தேட இயலுமா?" என்று கேட்டேன். கப்பலின் பெயரோ, அவருக்கிட்ட எண்ணோ தெரிந்தால் எளிது. ஒரே பெயருடையவர் பலர் இருக்கின்றனர். எனினும் தேடச் செய்கிறேன் என்று பதில் வந்தது. தேடல் இன்னும் முடியவில்லை. முடிவு என்னவாகும் என்பதை நான் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நண்பர் மற்றொன்று செய்தார். தம் பங்கிலும் சந்தையிலும் பழகிய மனிதரை அணுகி, "இந்தியாவில் ஒரு பாட்டி உங்கள் முகத்தைக் காண விரும்புகிறார், படமெடுத்து அனுப்பலாமா?" என்று கேட்டு, இசைந்தோரை மட்டும் படமெடுத்து அனுப்பினார். மொத்தம் 24 படங்கள். ஒவ்வொன்றின் கீழும் அவர் இன்னார், இன்ன தொழில் செய்கிறார் என்ற குறிப்பு. மீன்பிடிப்பவர், பள்ளியில் தமிழ் கற்பிப்பவர், பேருந்து ஓட்டுநர், ஆப்பிரிக்க மரபில் வந்த தையற்காரப் பெண்மணி, காய்கறி விற்கும் மூதாட்டி. நாணயத்தாள் ஒன்றின் படமும் இருந்தது. அத்தீவின் தாள்களில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சிடப்பட்டுள்ளன என்பதை நம் சிறுவர் கண்டு வியந்தனர். நானும் என் 843-இல் பத்தை மட்டும் எடுத்தேன். எவற்றிலும் நான் இல்லை. ஆப்பிரவாசி காட் படிகளின் படத்தை முதலில் வைத்தேன்.

இம்முறை அரைமணி நேரமே நிகழ்ச்சி. எவரும் உறங்கவில்லை. காய்கறி விற்கும் மூதாட்டியின் படம் வந்ததும் பாட்டி எழுந்து திரையருகே சென்றார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்த மூக்கு எங்க வீட்டு மூக்கு மாதிரியே இருக்கு, சாமி" என்றார். சற்றுப் பொறுத்து, "இல்லைன்னாலும் பரவாயில்லை. யாரோ பெத்த பிள்ளையோட பேத்திதானே!" என்றார்.

அந்த மூதாட்டிக்குத் தமிழ் பேசத் தெரியாது. கிரியோல் மொழிதான் தெரியும். அவர் நண்பரிடம் கேட்டனுப்பிய கேள்வியொன்றும் குறிப்பில் இருந்தது: "என் படத்தை அவர்கள் பார்ப்பார்கள், அவர்கள் படத்தை எனக்கு அனுப்ப மாட்டார்களா?"

நான் அதை எண்ணியே பார்க்கவில்லை. ஒருபக்கம் மட்டும் கொடுப்பதையே பகிர்தல் என்று நினைத்திருந்தேன். பங்கு போடுதல் என்றால், பெற்றவர் முகத்தையும் நாம் பார்க்க வேண்டுமன்றோ?

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

விடுமுறை நாட்கள் வருகின்றன. அந்தமானுக்கோ, இலங்கைக்கோ, மாலத்தீவுக்கோ, வேறெங்கோ நம் குடும்பங்களிற் சில செல்லக்கூடும். சென்று வாருங்கள், படமும் எடுங்கள். என் அனுபவத்திலிருந்து நான்கு சொற்களை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு கருவியை எடுங்கள். படத்திற்காகப் பவளத்தின்மேல் ஏறி மிதிக்காதீர்கள். அது கல்லன்று, உயிர்க் கூட்டம்.

இரண்டாவது, மனிதரைப் படமெடுக்குமுன் அவர்கள் இசைவைக் கேளுங்கள். சிறுவராயின் பெற்றோரைக் கேளுங்கள். வழிபாட்டில் ஆழ்ந்திருப்போரையும் துயரத்தில் இருப்போரையும் காட்சிப் பொருளாக்காதீர்கள். கேட்காமல் எடுத்த படம் எத்தகையது என்பதை அந்தப் பழைய அடையாளச் சீட்டுகள் நமக்குச் சொல்லும்.

மூன்றாவது, நூற்றுக்கணக்கில் அனுப்பிப் பிறரைக் களைப்படையச் செய்யாமல், இருபது படங்களைத் தேர்ந்தெடுங்கள். இடம், நாள், இருப்பவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சிலவற்றையேனும் அச்சிட்டு வையுங்கள். பெயரெழுதாத படம் இரண்டு தலைமுறைக்குப்பின் எவருடையதும் அன்று. ஊரில் இல்லாதபோதே படங்களை வாட்ஸ்அப்பில் எங்கும் பரப்புவது, வீடு பூட்டிக்கிடக்கிறது என்று பறைசாற்றுவதும் ஆகும். திரும்பி வந்தபின் காட்டினால் குறைந்து போவது ஒன்றுமில்லை.

நான்காவது, காண்போரை நினைத்துக் காட்டுங்கள். நீங்கள் சென்ற இடத்திற்கு என்றுமே செல்ல இயலாதவர் நம்மிடையே பலர். "நான் எங்கே போனேன் பார்" என்று காட்டினால் அவர் மனம் சுருங்கும். "அங்கே என்ன இருக்கிறது வா, பார்ப்போம்" என்று அருகே அமர்த்திக் காட்டினால் அவரும் பயணம் செய்தவராவார்.

சென்ற வாரம் பாட்டி வெள்ளைச் சேலை உடுத்தி, பேத்தி வாரிவிட்ட தலையோடு கோவில் வாசற்படியில் வந்து அமர்ந்தார். "சிரிக்கணுமா, சாமி?" என்று கேட்டார். "உங்கள் விருப்பம், பாட்டி" என்றேன். அவர் சிரிக்கவில்லை, நேரே பார்த்தார். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். பொத்தானை அழுத்துமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தேன். அவர் பெயரும், ஊரும், திரும்பி வராத அந்தச் சிற்றப்பாவின் பெயரும் கீழே எழுதி, அன்று மாலையே தீவுக்கு அனுப்பி வைத்தேன்.